அந்தோணியார் திருநாளில் பிறந்தவர்கள்

ஜெஸ்னாவிடம் பந்தயம் கட்டினால் நமக்குத்தான் செலவு. எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே அவள் என்னிடம் ஒரு பருப்பு வடையைக் கறந்துவிட்டாள். "மூணு இலக்கத்துல ஒரு நம்பர் எழுதுங்க டீச்சர், எனக்குக் காட்டாதீக. மொத இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கணும்" என்றாள். நான் 752 என்று எழுதினேன். அதைத் திருப்பிப் போட்டு, பெரியதில் சின்னதைக் கழிக்கச் சொன்னாள். 495 வந்தது. அதையும் திருப்பிப் போட்டுக் கூட்டச் சொன்னாள். நான் கூட்டி முடிப்பதற்குள், "ஸ்டாஃப் ரூம் காலண்டரைத் திருப்பிப் பாருங்க" என்றாள். காலண்டரின் முதுகில் பென்சிலால் 1089 என்று எழுதியிருந்தது. எந்த எண்ணை எடுத்திருந்தாலும் அதுதான் வரும் என்பதை வடையைத் தின்று முடித்த பிறகுதான் சொன்னாள்.

நான் அங்கே தமிழ் டீச்சர், நிரந்தர வேலை. அவள் கணக்கு டீச்சர், தினக்கூலி. சின்னக்கானல் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டை ஒட்டிய தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் எங்களுடையது. அவளுடைய அம்மா மதலேனம்மாள் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு மாதம் பிறந்தால் கூலி வந்துவிடும். கணக்கு சொல்லித் தருகிற மகளுக்கு அரசாங்கம் எப்போது நினைத்துக்கொள்கிறதோ அப்போதுதான். அரசாங்க வேலைக்கான தேர்வு எழுதி, ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து, ஆர்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்பது.

சின்ன வயதில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் அவள் வாங்கிய பிரம்படி கொஞ்சமில்லை. வலது கையைக் கொழுந்துக்காக விட்டுவிட்டு இடது கையில் அடிப்பாராம் அந்த வாத்தியார், எப்படியும் தோட்டத்துக்குத்தானே போகப் போகிறாள் என்று. அந்தக் கோபத்திலேயே கணக்கு படித்தாள். தன் வகுப்பில் பிரம்பு வைத்ததில்லை. தீக்குச்சி, புளியங்கொட்டை, அட்டைத் துண்டுகள் என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தாள்.

அவள் கேட்ட புதிர்களில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மரப்பாலப் புதிர். நாலு பெண்கள் வேலை முடிந்து இருட்டில் திரும்புகிறார்கள். ஓடைமேல் ஒரு மரப்பாலம், இரண்டு பேருக்கு மேல் தாங்காது. ஒரே ஒரு டார்ச், அது இல்லாமல் யாரும் நடக்க முடியாது. ஒருத்தி ஓடியே கடப்பாள், ஒருத்தி கொஞ்சம் மெதுவு, ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்தி ஆடி அசைந்து வருகிறவள். யானை வருவதற்குள் நாலு பேரும் அக்கரை சேர வேண்டும். வேகமாக நடப்பவளையே ஒவ்வொருத்திக்கும் துணைக்கு அனுப்பிப் பிள்ளைகள் திணறுவார்கள். நேரம் போதாது, யானை வந்துவிடும். மெதுவாக நடக்கிற இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினால்தான் தப்பிக்கலாம் என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிற நாளில் எங்கள் வகுப்பில் பாடம் நடத்த முடியாது, அவ்வளவு கூச்சல் பக்கத்து அறையில். ஹெட்மாஸ்டர் அவளுக்குக் 'குரங்காட்டி' என்று பேர் வைத்திருந்தார். ஆனால் கணக்குப் பீரியட் என்றால் வயிற்றுவலி வருகிற பிள்ளைகள் எல்லாம் அவள் வந்த பிறகு நலமாகிவிட்டார்கள் என்பதை அவரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜெஸ்னாவும் அம்மாவும் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் துணி காயப்போட இடம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரிவதில்லை. வீடு கம்பெனியுடையது. வீட்டில் யாராவது ஒருவருக்குத் தோட்டத்தில் 'பேர்' இருக்கிறவரைக்கும், அதாவது நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவு இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு. ஐம்பத்தெட்டு வயதில் பேரை வெட்டுவார்கள். பேர் போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்திருந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஜெஸ்னாவின் அப்பா போடியில் வேறொருத்தியோடு இருந்தார், கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்து போவார். ஆகவே அந்த வீடு மதலேனம்மாளின் பேரில்தான் நின்றது. கம்பெனிக் கணக்குப்படி அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, அதற்குள் எப்படியும் ஆர்டர் வந்துவிடும் என்று ஜெஸ்னா சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் அந்தோணியார் திருநாளுக்கு இளைஞர் குழு அவளைக் கணக்குப் புதிர் நிகழ்ச்சி நடத்தக் கேட்டது. ஜூன் பதின்மூன்று. மலையில் மழை பிடித்துக்கொள்கிற காலம், கோயில் முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பூசை முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு, பரிசு கொடுப்பதற்கு முன்னால் அவள் நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினராகக் கம்பெனியின் புது எச்.ஆர். மானேஜர் வந்திருந்தார். கோட்டயத்துக்காரர். தமிழ் பேச ஆசைப்படுகிறவர். எப்போதும் சிரித்த முகம். அவருக்குச் சால்வை போட்டதே மதலேனம்மாள்தான்.

1089 வித்தையை அவரை வைத்தே செய்தாள். அவர் "அடிபொளி டீச்சரே!" என்று கை தட்டினார். அதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்ததாக, தான் வெளியிடங்களில் செய்து பேர் வாங்கிய பிறந்தநாள் பந்தயத்தை எடுத்தாள். முப்பது பேரை மேடைக்கு வரச் சொன்னாள். "இந்த முப்பது பேர்ல யாராவது ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல பிறந்தநாள் வரும். வரலைன்னா அத்தனை பேருக்கும் நான் வடை வாங்கித் தாரேன்" என்றாள். வருஷத்துக்கு முந்நூற்றறுபத்தைந்து நாள் இருக்கும்போது முப்பது பேரில் இது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் அதன் அழகு. முப்பது பேரும் ஒருவருக்கொருவர் கை குலுக்கினால் எத்தனை குலுக்கல் ஆகும் என்று பாருங்கள், நானூற்றுச் சொச்சம். ஒவ்வொரு குலுக்கலிலும் இரண்டு பிறந்தநாள்கள் சந்திக்கின்றன. அவ்வளவு சந்திப்பில் ஏதோ ஒன்று பொருந்தாமல் போவதுதான் அபூர்வம். பத்துக்கு ஏழு தடவை அவள்தான் ஜெயிப்பாள். இதை அவள் மைக்கில் சொன்னபோது எனக்கே முதல்முறையாகக் கணக்கு படிக்காமல் போனோமே என்று வருத்தமாக இருந்தது.

மேடையில் ஏறியவர்களில் பாதிப் பேர் அவள் அம்மாவோடு வேலை செய்கிற பெண்கள். முதலில் நின்றது மதலேனம்மாள். "ஜூன் பதிமூணு" என்றார். கூட்டம் கை தட்டியது, அன்றைக்குத்தானே திருநாள். அடுத்தது பக்கத்து வீட்டுப் பின்சியின் அம்மா. "எனக்கும் ஜூன் பதிமூணுதான்." பந்தயம் இரண்டாவது ஆளிலேயே முடிந்துவிட்டது. அவள் அங்கேயே மைக்கைக் கீழே வைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக நின்றது சின்னத்தாயி, நெற்றி நிறையக் குங்குமம், மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர். "அந்தோணியார் திருநாளு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாலாவதும் அதே தேதி, ஐந்தாவதும் அதே தேதி. சிரிப்பு வருகிற இடத்தில் யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்? ஜெஸ்னா மைக்கை ஒவ்வொரு வாய்க்கும் நீட்டிக்கொண்டே போனாள். ஒன்பது பேர் அதே தேதி சொன்னார்கள். "வருஷமும் ஒண்ணுதானா அக்கா?" என்று அவளே கேட்டாள். "எல்லாருக்கும் ஒரே வருசந்தேன்" என்றார் சின்னத்தாயி பெருமையாக. எச்.ஆர். மானேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டார்.

அது எப்படி நடந்தது என்பதை மதலேனம்மாள் பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார். கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷத்தில் அந்த ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் பேர் கொடுத்தார்கள். காலையில் ஆட்களைக் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் மேஜை போட்டு ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார். பிறந்த தேதி என்ன என்று கேட்டார். எந்தத் தேதியை யார் கண்டார்கள்? பெற்றவர்கள் எல்லாவற்றையும் திருநாளை வைத்தும் மழையை வைத்தும்தான் சொல்வார்கள். வரிசையில் முதலில் நின்ற மதலேனம்மாள், "அந்தோணியார் திருநாளு சமயத்துல பொறந்தேன்னு அம்மா சொல்லும்" என்றார். கிளார்க் திட்டாமல் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்து நின்றவள் பார்த்தாள், இந்தப் பதில் செல்லுபடியாகிறது. அவளும் அதையே சொன்னாள். தோட்டத்தில் எந்த மேஜைக்கு முன்னாலும் எங்கள் ஜனங்கள் செய்கிற காரியம் இதுதான். முன்னால் நின்றவளுக்கு வாய்த்த பதிலைப் பின்னால் நிற்கிறவள் மாற்ற மாட்டாள். மாற்றினால் வம்பு வரும் என்று பயம். வருஷத்தைக் கிளார்க் முகத்தைப் பார்த்துப் போட்டார். ஒன்பது பேருக்கும் ஒரே வருஷம்.

பிறகு அதுவே ஆதாரில் ஏறியது, ரேஷன் கார்டில் ஏறியது, ஓட்டு அட்டையிலும் ஏறியது. ஜெஸ்னாவும் சின்ன வயதிலிருந்து திருநாள் சோற்றைத்தான் அம்மாவின் பிறந்தநாள் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். ஊரெல்லாம் போய்ப் பிறந்தநாள் கேட்டவள், பக்கத்து வாசலில் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்துப் பெரட்டுக்களத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பிறந்த தேதி நம்பத் தகுந்ததாக இல்லாத ஒன்பது பேருக்குக் கம்பெனி டாக்டர் வயதுப் பரிசோதனை செய்வார் என்று போட்டிருந்தது. கம்பெனி ரொம்ப நாளாகவே ஆளைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு எல்லாம் தெரியும். வழியை ஜெஸ்னா மைக் வைத்துக் காட்டிவிட்டாள்.

டாக்டர் ஒவ்வொருத்தியின் வாயையும் திறந்து பார்த்தாராம். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பது போல. முடியைப் பார்த்தார், கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்தார், விரலை மடக்கச் சொன்னார். முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் கொழுந்து எடுத்த கையில் எந்த வயதைத்தான் படிக்க முடியாது? மதலேனம்மாளுக்கு அறுபது என்று எழுதினார். அவர் கணக்கில் ஒன்பது பேருமே ஐம்பத்தெட்டைத் தாண்டியிருந்தார்கள். "ஒருத்திகூட கொறையலையே டீச்சர், இதுக்கு என்ன வாய்ப்பு இருக்கு?" என்று ஜெஸ்னா என்னிடம் கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கேள்விதான் வந்தது. எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

யூனியன் கன்வீனர் குருசாமியிடம் போனார்கள். "அக்கா, நாங்க என்னத்தச் செய்ய?" என்றார் அவர். "மைக்கப் பிடிச்சு அம்புட்டுப் பேரும் ஒரே தேதியச் சொல்லியிருக்கீக. வீடியோவுல இருக்கு. ஒங்க டீச்சரு மகளக் கேளுங்க."

கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். சின்னப் பிள்ளைகளைத் தூண்டிவிட்டு அவள் பின்னால் 'ஜூன் பதிமூணு, ஜூன் பதிமூணு' என்று பாட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் அவளிடம் மரப்பாலப் புதிர் படித்தவை. கோயில் அன்பியத்தின் ஜெபக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. கம்பெனியின் மேல் கோபப்பட்டால் திருப்பி அடிக்கும், ஜெஸ்னாவின் மேல் கோபப்பட்டால் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. எங்கள் ஜனங்களின் வீரத்தைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல?

எல்லோரையும்விட மதலேனம்மாள்தான் கொடுமை. அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. ஒருநாள் ஜெஸ்னா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பிஸ்கட் டின் காலியாக இருந்தது. அட்டைத் துண்டுகளும் தீக்குச்சிகளும் குளிக்கத் தண்ணீர் வைக்கிற அடுப்புக்குள் போயிருந்தன. "வெந்நி வச்சிருக்கு. டீச்சரு குளிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'டீச்சருக்குச் சோறு வச்சிருக்கு', 'டீச்சரு கதவச் சாத்தட்டும்' என்று மூன்றாம் மனுஷியிடம் பேசுவது போலவே பேசினார். முதல் தேதியைச் சொன்னது தான்தான் என்பதை அவர் ஒருதரம்கூட நினைக்கவில்லை, அல்லது நினைத்ததனால்தான் இப்படி. எனக்குத் தெரியாது.

கம்பெனி ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வயதுக்கு ஆதாரம் இருந்தால் மாத முடிவுக்குள் கொண்டுவரலாம். பள்ளிக்கூடச் சான்று யாரிடமும் இல்லை. ஞானஸ்நானச் சான்று கேட்டுப் போனால், அந்தக் காலத்து ஏடுகள் கோயில் கூரை ஒழுகிக் கூழாகி வருஷங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் ஜெஸ்னா தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையிலெடுத்தாள். அம்மாவின் வயதை ஒரு புதிராகப் போட்டாள்.

"ஃபேக்டரி எரிஞ்சப்ப நீ எம்புட்டு இருந்த?" என்று கேட்டிருக்கிறாள். மதலேனம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். வாசலில் நின்ற சின்னத்தாயிதான், "ஓங்கம்மாவுக்கு முன்பல்லு விழுந்து ஓட்டவாயா இருந்தா. நெருப்பு நெருப்புன்னு சொல்லத் தெரியாம நெவுப்பு நெவுப்புன்னு கத்திக்கிட்டு ஓடுனா. நாங்க நெருப்பப் பாக்காம இவளப் பாத்துச் சிரிச்சோம்" என்றார். ஜெஸ்னாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. எரிந்து திரும்பக் கட்டிய ஃபேக்டரியின் சுவரில் 1977 என்று கல் பதித்திருக்கிறது. பால்பல் விழுவது ஆறேழு வயதில். அப்படியானால் இப்போது ஐம்பத்துமூன்று அல்லது ஐம்பத்துநாலு. டாக்டர் சொன்னபடி அறுபது என்றால், நெருப்பு பிடித்த அன்றைக்கு அவருக்குப் பதின்மூன்று வயது. பதின்மூன்று வயதில் யாருக்கு முன்பல் விழும்?

ஒரே சாட்சி போதாது என்று இன்னொன்று தேடினாள். ஓடைமேல் சிமெண்ட் பாலம் திறந்த அன்று மதலேனம்மாள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய வெள்ளைக் கவுனோடு வேடிக்கை பார்க்கப் போய், சேற்றில் விழுந்து அடி வாங்கியிருக்கிறார். பாலத்தின் கல்லிலும் வருஷம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பத்துப் பதினொரு வயதில் புதுநன்மை கொடுப்பார்கள். கணக்குப் போட்டால் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. கிளார்க் முகத்தைப் பார்த்துப் போட்ட வருஷம் கிட்டத்தட்ட சரிதான். தேதி மட்டும்தான் அந்தோணியாருடையது.

இது தெரிந்ததும் குடத்தைத் தள்ளி வைத்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் வாசலுக்கு வந்தார்கள். எனக்கும் போடு, எனக்கும் போடு என்று. யாருக்கு எப்போது அம்மை போட்டது, எந்த வெள்ளத்தில் யார் யாரை இடுப்பில் வைத்திருந்தார்கள், யார் சமைந்த அன்று யானை வந்து பந்தலைப் பிரித்தது என்று ஒருத்தி சொல்ல இன்னொருத்தி மறுக்க, ஜெஸ்னா நடுவில் உட்கார்ந்து கல்லில் பொறித்த வருஷங்களோடு அவற்றைக் கட்டிக்கொண்டே வந்தாள். நானும் இரண்டு சாயங்காலம் போயிருந்தேன். பள்ளிக்கூடமே பார்க்காத பெண்கள், "இரு, இரு, சொல்லாத, நானே கண்டுபிடிக்கேன்" என்று விரல் மடக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் அடக்கியதை நான் பார்த்தேன். தன் வயதைத் தானே கண்டுபிடித்த சின்னத்தாயி, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அவருக்கு ஐம்பத்தாறு. கணக்கு இவ்வளவு சந்தோஷமான சமாசாரம் என்று அந்த இரண்டு நாளில்தான் நான் நம்பினேன். மதலேனம்மாள்கூட மகளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆனால் வைத்தார்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். எச்.ஆர். மானேஜர் எங்களை உட்காரச் சொன்னார். ஜெஸ்னா சார்ட் பேப்பரில் வரைந்து கொண்டுபோயிருந்தாள், ஃபேக்டரி, பாலம், வெள்ளம், பல், வெள்ளைக் கவுன் எல்லாம் கலர் பென்சிலில். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் அவளுக்கு முன்னால் தானே விடையைச் சொன்னார், சரியாகவே சொன்னார். மனுஷனுக்குப் புதிர் என்றால் நிஜமாகவே பிடிக்கும்.

"டீச்சரே, சூப்பர்" என்றார். "நான் இது ரொம்ப என்ஜாய் பண்ணி. ஒரு சம்சயம் மாத்ரம். இந்தப் பல்லு விழுந்தது யாரு பார்த்தது?"

"நாந்தேன் சார் பாத்தேன்" என்று சின்னத்தாயி எழுந்தார்.

"அம்மைக்கு நல்ல ஞாபகம் உண்டா?"

"நேத்து நடந்த கணக்கா ஞாபகம் இருக்கு சார்."

"சரி. அம்மைக்குப் பிறந்தநாள் எப்போ?"

சின்னத்தாயி வாயைத் திறந்தார், மூடினார். கம்பெனிக் கிளார்க் ஒருவர் முதலில் சிரித்தார். அதைத் தொடர்ந்து மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்பது பெண்களில் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை, பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு சார்ட்டை மடித்து ஜெஸ்னாவிடமே கொடுத்தார். "இது கிளாஸ்ல வச்சோளூ டீச்சர். பிள்ளைகளுக்கு நல்லதா இருக்கும்" என்றார்.

ஒன்பது பேரின் பேரும் வெட்டப்பட்டது. ஐந்து வீடுகளில் மகனுக்கோ மருமகளுக்கோ பேர் இருந்தது, அவர்கள் தப்பித்தார்கள். சின்னத்தாயியும் அந்த ஐந்தில் ஒருவர். ஜெஸ்னாவுக்கு, அம்மாவின் இடத்தில் அவளே கொழுந்து எடுக்க வந்தால் வீட்டை விட்டுவைக்கலாம் என்று குருசாமி தூது கொண்டுவந்தார். அவள் ஒருநாள் முழுக்க யோசித்தாள். மதலேனம்மாள்தான், "டீச்சருக்குக் கூடை தூக்கத் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது பாசமா, குத்தலா என்று ஜெஸ்னா என்னைக் கேட்டாள். இரண்டும்தான் என்றேன். சாவியை ஒப்படைத்த அன்று நல்ல மழை. சின்னக்கானல் கடைத்தெருவில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் கிடைத்த அறைக்கு ஜீப்பில் சாமானை ஏற்றிக்கொண்டு போனார்கள். லயத்துப் பெண்கள் யாரும் கை கொடுக்க வரவில்லை.

அறைக்காரர் வாடகைச் சீட்டுக்காக மதலேனம்மாளிடம் வயது கேட்டார். "எந்த ஆபீசுக்குங்க?" என்றாராம் அவர். ஆனால் அந்தக் கேள்வி உண்மையான கேள்வியாகிவிட்டது. தோட்டத்தில் கிழவியாக்கி அனுப்பிவிட்டார்கள், சரி, முதியோர் பென்ஷனாவது கிடைக்குமே என்று மனு கொடுத்தார்கள். அதற்கு அறுபது ஆகியிருக்க வேண்டும். "ஆதார்ல ஐம்பத்துமூணுதானே, இன்னும் ஏழு வருஷம் இருக்கு" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினால், அது கம்பெனி உபயோகத்துக்கு மட்டும் என்றார்கள். கேக் கொண்டுவருகிற புருஷன் போடியில் உயிரோடு இருக்கிறபடியால் விதவைப் பென்ஷனுக்கும் வழியில்லை. சின்னத்தாயியும் அதே மனுவைக் கொடுத்து அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு வீடு இருந்தது, ஆனால் மருமகள் போடுகிற சோற்றைத் தின்ன மானம் இடம் கொடுக்கவில்லை. மழையில் ஏலக்காட்டுக்குத் தினக்கூலிக்குப் போய், காய்ச்சல் கண்டு, அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார்.

ரேங்க் லிஸ்ட் காலாவதியாகிவிட்டது. ஜெஸ்னா இன்னமும் தினக்கூலிதான். இன்னமும் புதிர் போடுகிறாள், பிஸ்கட் டின்னில் புதுத் தீக்குச்சிகள் இருக்கின்றன. பிறந்தநாள் பந்தயத்தை மட்டும் அவள் எடுப்பதில்லை. போன மாதம் ஐந்தாம் வகுப்பில் வயதுக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான், எல்லாம் கேட்கும்.

"ஒரு அம்மாவுக்கு ஒரு ஆபீஸ்ல அறுபத்தொண்ணு வயசு. இன்னொரு ஆபீஸ்ல ஐம்பத்துநாலு. எந்த வருசம் ரெண்டு ஆபீஸ்லயும் ஒரே வயசு ஆவும்?"

பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கூட்டினார்கள், பத்து வருஷம் கூட்டினார்கள். இங்கே கூடினால் அங்கேயும் கூடுகிறது, வித்தியாசம் அப்படியே நிற்கிறது. ஒரு நாளும் ஆகாது என்பதுதான் விடை, வயது வித்தியாசம் எப்போதும் மாறாது என்பதுதான் பாடம். இரண்டு மூன்று பேர் அதைக் கண்டுபிடித்துக் கத்திவிட்டார்கள். ஜெஸ்னா சரி என்று சொல்லப் போனாள்.

"இல்ல டீச்சர், ஆவும்" என்றது ஒரு குரல். யோகப்பிரியா. சின்னத்தாயியின் மகன் வயிற்றுப் பேத்தி.

"எப்பிடி ஆவும்?"

"எங்க அப்பத்தா செத்தப்ப அப்பா போயி ரெண்டு ஆபீஸ்லயும் சொன்னாரு. ரெண்டு ஆபீஸ்லயும் பேர வெட்டிட்டாங்க. இப்ப அங்கயும் வயசு இல்ல, இங்கயும் வயசு இல்ல. ரெண்டும் ஜீரோ. சமம் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. புத்திசாலித்தனமான விடை வந்தால் அவள் வகுப்பு எப்போதும் அப்படித்தான் சிரிக்கும், அவள் பழக்கியது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பாதிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஜெஸ்னா கரும்பலகையில் எழுதியிருந்த இரண்டு எண்களின் பக்கம் திரும்பினாள். டஸ்டரை எடுத்து இரண்டையும் அழித்தாள். மேஜையிலிருந்து, சரியான விடைக்கு எப்போதும் கொடுக்கிற கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டு போய் யோகப்பிரியாவின் கையில் வைத்தாள்.